கனத்த ராக்கெட் தராத பலம்

கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங், செராஸ் என்று மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களும் கிடங்குகளும் பூப்பந்து மண்டபங்களாக மாறியிருக்கின்றன. பிள்ளைகள் பள்ளி முடிந்து நேராக அங்கே வருகிறார்கள். அந்த மண்டபங்களில் ஒரு நம்பிக்கை கேள்வி கேட்பாரின்றி உலவுகிறது. வழக்கமான ராக்கெட் 80 முதல் 90 கிராம்தான் இருக்கும். 120, 140, 150 கிராம் எடையில் ‘பயிற்சி ராக்கெட்’ என்று தனியாக விற்கிறார்களே, அதை நாள்தோறும் நூறு, இருநூறு தடவை காற்றில் வீசினால் மணிக்கட்டுக்குப் பலம் ஏறும், ஸ்மேஷ் இடியாக இறங்கும் என்பதே அந்த நம்பிக்கை. அந்த ராக்கெட் வாங்க வசதியில்லாத வீட்டில் பழைய ஸ்குவாஷ் ராக்கெட்டைக் கொடுக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் உறையைக் கழற்றாமலே ராக்கெட்டை வீசச் சொல்கிறார்கள். பயிற்றுநர் சொல்கிறார், அப்பா வாங்கித் தருகிறார், பத்து வயதுப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வீசுகிறது. இந்தப் பழக்கம் பலத்தையும் தரவில்லை, திறனையும் வளர்க்கவில்லை, வளரும் தோளுக்குக் கேடாகவும் முடியக்கூடும் என்பதே என் வாதம். எடைப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூப்பந்து ஆடும் பிள்ளைக்குப் பலம் கட்டாயம் வேண்டும். அதைத் தேடும் இடம்தான் தவறு.

இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேர்விட ஒரு காரணம் உண்டு. கனத்த ராக்கெட்டை முப்பது தடவை வீசிவிட்டுச் சொந்த ராக்கெட்டை எடுத்தால் அது பஞ்சு போல இருக்கும். கை தானாகப் பறப்பதாகத் தோன்றும். அந்த உணர்வை யாரும் கற்பனை செய்வதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். அனுபவித்தவர்கள் அடித்துச் சொல்வதால் மற்றவர்களும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் கை உணரும் வேகமும் கருவி அளக்கும் வேகமும் ஒன்றல்ல. இதை அதிகம் அளந்து பார்த்தவர்கள் பேஸ்பால் ஆய்வாளர்கள். அந்த ஆட்டத்தில் அடிக்க இறங்குமுன் மட்டையில் ஒரு கன வளையத்தை மாட்டிச் சுழற்றும் வழக்கம் 1960களிலிருந்து பரவியது. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கனத்த மட்டையைச் சுழற்றியவர்களிடம் உடனே வழக்கமான மட்டையைக் கொடுத்து வேகத்தை அளந்தார்கள். முதல் வீச்சின் வேகம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்திருந்தது. வீசியவர்களோ மட்டை இலேசாக இருப்பதாகவும், தாங்கள் வேகமாக வீசியதாகவும் சொன்னார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஹவாயில் கூப் டெரென் என்ற ஆய்வாளர் உயர்நிலைப்பள்ளி ஆட்டக்காரர்களிடம் பல்வேறு எடையுள்ள கருவிகளைக் கொடுத்துச் சோதித்திருந்தார். ஆட்ட மட்டையின் எடைக்கு நெருக்கமான, ஏறக்குறைய 10 விழுக்காடு கூடவோ குறையவோ உள்ள கருவிகளைச் சுழற்றியபோதுதான் அதன் பிறகு வேகம் நன்றாக இருந்தது. கன வளையம் மாட்டிய மட்டை கடைசி வரிசையில் நின்றது. பழகிய எடை திடீரென்று மாறும்போது மூளை தன் அளவுகோலை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தையே நாம் வேகமாக எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் ஆட்டத்துக்கு முன் கனத்த ராக்கெட்டை வீசிவிட்டு ‘இன்றைக்குக் கை நன்றாக ஓடுகிறது’ என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சான்றாக வைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சித் திட்டம் வகுக்க முடியாது.

‘பேஸ்பால் மட்டை எங்கே, பூப்பந்து ராக்கெட் எங்கே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த வேறுபாடு கனத்த ராக்கெட்டுக்குச் சாதகமாக இல்லை. அந்த மட்டை ஏறக்குறைய 850 கிராம். அவ்வளவு எடையுள்ள கருவியிலேயே பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேல் எடையைக் கூட்டினால் வீச்சு கெடுகிறது. நாமோ 85 கிராம் ராக்கெட்டுக்குப் பதிலாக 150 கிராம் ராக்கெட்டைக் கொடுக்கிறோம். அது 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கூடுதல். ராக்கெட் ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் நீளமுள்ள நெம்புகோல் என்பதால், தலைப்பக்கம் ஏறும் ஒவ்வொரு கிராமும் சுழற்சியைப் பல மடங்கு எதிர்க்கும். ஸ்மேஷ் அடிக்கும்போது ராக்கெட் முன்னோக்கிப் பாயும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பந்து நரம்பில் தங்குவது அதிலும் மிகச் சிறிய நேரம், ஆயிரத்தில் ஒரு நொடி அளவு. அந்த இடுக்குக்குள் கால், இடுப்பு, உடம்பு, தோள், முன்கை, விரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேகம் கைமாறி ராக்கெட் தலையில் போய்ச் சேர வேண்டும். சுழற்றும் பொருளின் எடை மாறினால் இந்தக் கைமாற்றத்தின் கால அளவும் மாறுகிறது. கனத்த ராக்கெட்டோடு பிள்ளை முழங்கையை முன்னதாகவே இழுக்கக் கற்றுக்கொள்கிறது, தோளை விறைப்பாக வைத்துக்கொள்கிறது, விரல்களை இறுக்கிப் பிடிக்கிறது. இவை மூன்றும் நல்ல பயிற்றுநர் முதல் மாதத்திலேயே திருத்தப் பார்க்கும் குறைகள். பேஸ்பாலிலும் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, கனத்த மட்டை வேகத்தைக் குறைப்பதோடு வீச்சின் அமைப்பையே மாற்றிவிடுகிறது என்று காட்டியது.

‘மணிக்கட்டுப் பலம்’ என்ற பேச்சிலும் ஒரு பிழை இருக்கிறது. நம் மண்டபங்களில் ஸ்மேஷ் வலுவாக விழாவிட்டால் முதலில் குற்றம் சுமத்தப்படுவது மணிக்கட்டுதான். மெதுவாக ஓட்டிய காணொளியைப் பார்த்தால் உண்மை தெரியும். மணிக்கட்டு முன்னால் மடங்குவதால் கிடைக்கும் வேகம் குறைவு. மேற்கை உட்பக்கமாகச் சுழல்வதாலும், முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் புரள்வதாலும்தான் ராக்கெட் தலையின் வேகத்தில் பெரும்பங்கு பிறக்கிறது. விரல்கள் கடைசி நொடியில் இறுகி அதற்கு முத்திரை வைக்கின்றன. இந்தப் புரளலுக்குத் தசை தடித்திருப்பதைவிடத் தளர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் தளர்ந்திருப்பது முக்கியம். கனத்த ராக்கெட் அந்தத் தளர்ச்சியைத்தான் முதலில் பறிக்கிறது, ஏனென்றால் அதைத் தளர்வாகப் பிடித்தால் கையைவிட்டு ஓடிவிடும்.

பலத்துக்கு வருவோம். 150 கிராம் என்பது நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியைவிடக் குறைந்த எடை. அதை மெதுவாகச் சுழற்றினால் தசைக்குச் சுமையே இல்லை. எந்தத் தசையும் அதனால் வளராது. வேகமாகச் சுழற்றினால் சுமை கூடும் என்பது உண்மை, ஆனால் அது விழும் இடம் வேறு. வேகத்தில் ஓடும் கையை ஸ்மேஷ் முடிந்ததும் நிறுத்துவது தோளின் பின்புறச் சிறு தசைகளின் வேலை. ஆட்டக்காரர்களின் தோள் வலி பெரும்பாலும் தொடங்குவது அந்தப் பகுதியில்தான். கனத்த ராக்கெட் இந்த நிறுத்தும் வேலையைக் கூட்டுகிறது, அந்தத் தசைகளை முறையாக வலுப்படுத்தாமலே. ஆகப் பலத்துக்குப் போதாத எடை, திறனுக்கு அதிகமான எடை, இரண்டும் கெட்டான் கருவி. தசையின் விசைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை ஏ.வி. ஹில் 1938இலேயே வகுத்துக் காட்டிவிட்டார்: சுமை ஏற ஏறத் தசை சுருங்கும் வேகம் குறையும். பலம் வேண்டுமென்றால் சுமை உண்மையிலேயே பெரிதாக இருக்க வேண்டும்; வேகம் வேண்டுமென்றால் ஆட்டத்தின் வேகத்திலேயே வீச வேண்டும். நடுவில் நிற்பதால் இரண்டின் பலனும் சேர்ந்து கிடைத்துவிடாது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றுகளையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன டெரென்னே 1995இல் வேறோர் ஆய்வை வெளியிட்டார். அதில் ஆட்டக்காரர்கள் சற்றுக் கனத்த மட்டையையும் சற்று இலேசான மட்டையையும் மாற்றி மாற்றி 12 வாரங்கள் சுழற்றினார்கள். அவர்களுடைய வேகம், வழக்கமான மட்டையை மட்டும் சுழற்றியவர்களைவிட நன்றாக உயர்ந்தது. எடை மாற்றிய பயிற்சிக்குப் பலன் உண்டு என்பதற்கு இது நேர்மையான சான்று, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே எடை மாறியது பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டு எல்லைக்குள். கனத்ததோடு இலேசானதும் சேர்ந்திருந்தது. பழகியவர்கள் வீச்சு கைவந்தவர்கள். இந்த அளவைப் பூப்பந்துக்குக் கொண்டுவந்தால் 85 கிராம் ராக்கெட்டுக்கு மேலேயும் கீழேயும் எட்டு, பத்து கிராம். அந்த இடைவெளி, கடையில் சாதாரணமாகத் தொங்கும் ராக்கெட்டுகளின் எடைப் பிரிவுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 75 கிராமிலிருந்து 90 கிராம் தாண்டியும் அவை கிடைக்கின்றன. அதாவது அந்த ஆய்வை மதித்து நடப்பவர் ‘பயிற்சி ராக்கெட்’ வாங்க மாட்டார். இன்னொரு வாதம், எடை கனத்தாலும் வேகமாக வீச வேண்டும் என்ற முனைப்பு இருந்தால் போதும் என்பது. 1993இல் பேம், சேல் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் அசைவின் உண்மையான வேகத்தைவிட வேகமாக அசைக்க எண்ணும் முனைப்பே தசையைப் பழக்குகிறது என்று காட்டினார்கள். அது கணுக்காலை ஒரே திசையில் அசைக்கும் பயிற்சி. அதில் நேரக்கணக்கு இல்லை, பறந்துவரும் பந்து இல்லை, ஆறு மூட்டுகள் வரிசை தவறாமல் வேலை செய்ய வேண்டிய தேவையும் இல்லை. அந்த முடிவு சொல்வது ஒன்றுதான்: உடற்பயிற்சிக் கூடத்தில் பெரிய எடையைத் தூக்கும்போது வேகமாகத் தூக்க முனைய வேண்டும். அது என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது.

நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: நம் முன்னோர் கர்லாக்கட்டை சுழற்றித்தானே மலை போல நின்றார்கள்? இதை மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும், ஏனென்றால் கர்லாக்கட்டை உண்மையிலேயே அருமையான கருவி. தோள் மூட்டை எல்லாத் திசையிலும் திறந்து, முதுகையும் பிடியையும் வலுவாக்கும் பயிற்சி அது. இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் அதைக் கொண்டுபோய் உலகெங்கும் பரப்பினார்கள்; 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றல் ஒரு தனிப் பிரிவாகவே இருந்தது. ஆனால் அது எப்படிப் பயன்பட்டது என்று கவனிக்க வேண்டும். கிலோக்கணக்கில் எடையுள்ள கட்டையை நிதானமான தாளத்தில் சுழற்றினார்கள். அதில் ஏறிய பலத்தோடு போய் மல்யுத்தத்தை மல்யுத்தமாகவே பழகினார்கள். சிலம்பம் கற்றவருக்குக் கர்லாக்கட்டை உடம்பைக் கொடுத்தது; வீச்சையும் வெட்டையும் கொடுத்தது சிலம்பக் கம்புதான். கர்லாக்கட்டை மரபு பலப் பயிற்சியையும் திறன் பயிற்சியையும் தனித்தனியே வைத்திருந்த மரபு. அதைக் காட்டி இரண்டையும் ஒரே ராக்கெட்டில் குழைத்துவிட்டவர்கள் நாம். ‘பஞ்ச்’ குணாளன் காலத்தில் ராக்கெட்டுகள் கனமாகத்தானே இருந்தன என்றும் கேட்கிறார்கள். 1971இல் இங் பூன் பீயோடு சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும், 1974இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தையும் வென்ற அந்த மாபெரும் ஆட்டக்காரரின் தலைமுறை இன்றையதைவிடக் கனத்த ராக்கெட்டுகளோடு வளர்ந்தது உண்மை. ஆனால் எந்த எடையில் பழகினார்களோ அந்த எடையிலேயே ஆடினார்கள். பழக ஒன்று, ஆட ஒன்று என்ற பிளவு அவர்களுக்கு இல்லை. கனத்த ராக்கெட்தான் அவர்களை உயர்த்தியது என்றால், ராக்கெட் இலேசாக ஆக ஆக ஸ்மேஷ் வேகம் சரிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

2013இல் நம் நாட்டின் டான் பூன் ஹியோங் ஒரு சோதனையில் மணிக்கு 493 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மேஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் சைதாமா வட்டாரத்தில் ஆந்திராவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அதை 565 கிலோமீட்டராக உயர்த்தினார். அதே நாள், அதே இடத்தில் பெண்கள் பிரிவில் 438 கிலோமீட்டர் வேகத்தைப் பதித்தவர் நம் நாட்டின் பெர்லி டான். நம் தினா முரளிதரனோடு சேர்ந்து 2022 காமன்வெல்த் தங்கத்தை வென்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை போனவர். இருவர் கையிலும் அன்று இருந்தது யோனெக்ஸ் நிறுவனத்தின் நானோஃப்ளேர் 1000 இசட். தலைப்பக்க எடையைக் குறைத்து, வேகத்துக்கென்று வடிவமைத்த ராக்கெட் அது. அந்த நிகழ்வு ராக்கெட் நிறுவனத்தின் விளம்பரமும்கூட என்பதால் அதை அறிவியல் முடிவாக ஏற்க முடியாது. கனத்த ராக்கெட்டால் பயிற்சி செய்யக் கூடாது என்பதையும் அது நேரடியாக நிறுவவில்லை. ஆனாலும் எடைதான் வேகம் என்ற எண்ணத்தை அது தகர்க்கிறது. ஐந்து கிராம் பந்துக்கு வேகம் கொடுப்பது ராக்கெட் தலையின் வேகம். அந்தத் தலை வேகமாக ஓடத்தான் உடம்பு பழக வேண்டும்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவரில் மாட்டிய ரப்பர் குழாயை ராக்கெட் பிடியில் கட்டி இழுக்கச் சொல்வது இப்போது பரவி வருகிறது. ரப்பர் இழுக்க இழுக்கத்தான் எதிர்க்கும், ஆகவே வீச்சின் கடைசிப் பகுதியில்தான் தடை உச்சத்துக்குப் போகிறது. ஸ்மேஷில் வேகம் உச்சத்தில் இருக்க வேண்டிய இடமும் அதுதான். அங்கே வேகம் குறைவதையே உடம்பு பழகுகிறது. அதே ரப்பரை ராக்கெட்டிலிருந்து கழற்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் அது தோளின் பின்தசைகளுக்கு மிக நல்ல பயிற்சி. ஒரே பொருள்தான், சரியான வேலைக்குப் பயன்படுத்தினால் தோளைக் காக்கும். உறை மாட்டிய ராக்கெட் காற்றைத் தடுத்து வீச்சை மந்தமாக்குகிறது, அவ்வளவுதான்.

பெற்றோருக்கு இது பணச் செலவு மட்டும் இல்லை. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 13 முதல் 18 வயது வரையுள்ள பேஸ்பால் பந்துவீச்சாளர்களில் ஒரு பாதியினர் 6 வாரங்கள் கனத்த பந்துகளையும் சேர்த்து எறிந்து பழகினர். அவர்களின் வீச்சு வேகம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகக் கூடியது. அந்தக் குழுவில் 24 விழுக்காட்டினருக்குக் காயம். வழக்கமான பயிற்சி மட்டும் செய்த குழுவில் ஒருவருக்கும் காயமில்லை. எறியும் பந்தும் பிடித்திருக்கும் ராக்கெட்டும் ஒன்றல்ல என்றாலும், கையை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் தோள் ஒன்றுதான். வளரும் வயதில் எலும்பின் வளர்முனை இன்னும் இறுகியிருக்காது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டிலோ கிள்ளானில் ஒரு தாமானிலோ சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பத்துக்குத் தோள் வலி என்றால் மருத்துவச் செலவு, விட்டுப்போன பயிற்சி மாதங்கள், கைநழுவிய பள்ளிப் போட்டி எல்லாம் சேர்ந்து வரும். அந்த ராக்கெட்டின் விலையில் இரண்டு குழல் இறகுப் பந்து வாங்கித் தந்து, பயிற்றுநர் தூக்கிப் போடப் பிள்ளை சொந்த ராக்கெட்டால் முழு வேகத்தில் அடித்தால் வீச்சும் நேரக்கணக்கும் ஒருசேரப் பழகும். இறகுப் பந்து விலை ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் இது வெறும் பேச்சில்லை. பலத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி, தண்டால், மேலே தொங்கி இழுக்கும் பயிற்சி, கனப் பந்தை இரு கைகளாலும் தரையில் ஓங்கி எறியும் பயிற்சி போதும். மேற்பார்வையோடு செய்தால் இவை பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானவை. பிள்ளை எடை தூக்கினால் குள்ளமாகிவிடும் என்று பயந்து, அதே பிள்ளையின் கையில் கனத்த ராக்கெட்டைக் கொடுப்பவர்கள் பயத்தைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பயிற்றுநர்களிடமிருந்து வரும் பதில்: ‘என் மாணவர்கள் ஓராண்டு கனத்த ராக்கெட் வீசினார்கள், அவர்களின் ஸ்மேஷ் முன்னேறியிருக்கிறது.’ அவர்கள் கண்டது உண்மையாகவே இருக்கும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓராண்டில் வளர்கிறது, கை நீள்கிறது, வாரம் நான்கு நாள் பந்தும் அடிக்கிறது. மேலே சொன்ன 2018 ஆய்வில் கனத்த பந்தைத் தொடாத குழுவிலேயே மூன்றில் இரண்டு பங்கினருக்கு வேகம் கூடியிருந்தது. ராக்கெட்டுக்குப் போகும் புகழில் எவ்வளவு வளர்ச்சிக்கும் வழக்கமான ஆட்டத்துக்கும் உரியது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த முன்னேற்றத்தைச் சான்றாக வைக்க முடியாது. பிரித்துப் பார்ப்பதும் கடினமில்லை. ஒரே மண்டபத்தில் ஒத்த வயதும் திறனும் உள்ள மாணவர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழு வழக்கமான ராக்கெட்டாலும் மற்றக் குழு எடை கொஞ்சம் மாறிய கடை ராக்கெட்டுகளாலும் எட்டு வாரம் பழகட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் கைப்பேசியின் மெதுவோட்டப் பதிவில் ஆளுக்குப் பத்து ஸ்மேஷ் எடுத்து, பந்து வலையைத் தாண்டப் பிடித்த படச்சட்டங்களை எண்ணினால் போதும். யார் எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் எண்ண வேண்டும். தோள் வலி என்று சொன்னவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அப்படி அளந்து வந்த கணக்கை ஒரு பயிற்றுநர் என் முன் வைத்தால் இங்கே எழுதியதை மறுபரிசீலனை செய்யத் தயங்க மாட்டேன். அதுவரை 150 கிராம் ராக்கெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும்.